மலாக்கா முன்ஷி அப்துல்லா

ஊர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அரசியல் பேசக் கூடாது என்று எழுதிய பலகை சுவரில் தொங்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நமது முன்னோர் அந்தப் பலகையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. ஆனால் அதன் பழக்கத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நமது கடைகளில் இஷாவுக்குப் பிறகு நாலு பேர் கூடினால், பேச்சு சரக்கு விலையில் தொடங்கினாலும் அரசியலுக்கும் மார்க்கத்துக்கும் மொழிக்கும் வந்து நிற்கிறது. வந்து நின்றதும் பெரியவர் ஒருவர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவர் பயப்படுவது நியாயமே. வாடிக்கைக்காரர் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் விடுவதில்லை. நாம் தமிழரா, மலாய்க்காரரா என்று கேட்கிறார்கள். வேற்று மதத்தாரோடு நெருங்கி வேலை செய்தால் ஈமானுக்குக் குறைவு வருமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல நாம் எழுந்து போய்விட்டால், கையில் இருக்கும் தொலைபேசி அவர்களுக்குப் பதில் சொல்லுகிறது. அது என்ன சொல்லுகிறதென்று நமக்குத் தெரிவதில்லை.

இதே கேள்விகளை இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் ஒரு மனிதரைப் பார்த்து ஊரார் கேட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து பேசினார், பேசியதை எழுதியும் வைத்தார். அவர்தான் முன்ஷி அப்துல்லா. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. மலாக்காவிலும் இருக்கிறது. அந்தச் சாலை வழியாகச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் நம்மவர் என்பது தெரியும்?

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கிள்ளான் அன்பர்களிடம் அப்துல்லா என்றால் உடனே ராஜா அப்துல்லாவையும் அவருடைய பழைய ஈயக் கிடங்கையும் சொல்லுகிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. ராஜா அப்துல்லா சுரங்க வேலைக்கு ஆட்களை ஆற்றின் மேலே அனுப்பி, கோலாலம்பூர் என்ற ஊர் முளைத்தது 1857-இல். நமது முன்ஷி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மர்ஹூம் ஆகிவிட்டார். நாம் இப்போது வியாபாரம் செய்யும் இடமெல்லாம் அவர் காலத்தில் காடு.

அவருடைய வம்சத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். முப்பாட்டனார் யமன் நாட்டு அரபி, மார்க்கமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர். அவர் நாகூருக்கு வந்து அங்கே பெண் கொண்டார். பிள்ளைகள் நால்வர். தகப்பனார் காலமான பிறகு அவர்கள் கிழக்கே கப்பலேறினார்கள். அவர்களில் முகம்மது இப்ராகீம் என்பவர் மலாக்காவில் இறங்கி, செய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்தப் பெண்மணியின் பெயரை மலாய்ப் புத்தகத்தில் பேரி ஆச்சி என்று எழுதியிருக்கிறார்கள். மலாய்க்காரருக்கு அது வெறும் பெயர். நமது காதுக்கு அது நம் வீட்டு முற்றத்தில் கேட்கும் சத்தம். இவர்களுடைய மகன் அப்துல் காதிர். அவருடைய மகன் அப்துல்லா. ஆக, யமன் இரத்தமும் நாகூர் இரத்தமும் மலாக்கா மண்ணும் சேர்ந்த பிள்ளை.

நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றுவது, வழக்கமாக மலாய் பேசுவது, மலாய் வழக்கங்களை அனுசரிப்பது ஆகியவற்றை மலாய்க்காரருக்கு இலக்கணமாகக் கூறுகிறது. அப்துல்லாவின் காலத்தில் அந்தச் சட்டமும் இல்லை, பாரமும் இல்லை. அவர் தமது நூலில் மலாய் மொழியைத் தம் உயிர்போலப் பேசுகிறார். ஆனால் மலாய்க்காரரைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் வெளியே நின்று பேசுவதுபோல்தான் பேசுகிறார். இந்த இரண்டையும் ஒரே மனிதர் செய்தார். நம் பிள்ளைகளின் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகுமா என்று நமக்குத் தெரியாது. ஆனால் கேள்வி புதியதல்ல என்பது தெரிகிறது.

அவர் பிறந்தது 1796-இல், மலாக்காவில் கம்போங் பாலி என்ற இடத்தில். அதற்கு முந்தின வருஷம்தான் இங்கிலீஷ்காரர் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைப் பிடித்திருந்தார்கள். பிறகு 1818-இல் டச்சுக்கொடி மறுபடி ஏறிற்று, 1825-இல் மறுபடி இங்கிலீஷ் கொடி ஏறிற்று. ஒரு மனிதன் தன் ஊரை விட்டு நகராமலே துரைத்தனம் இரண்டு தடவை மாறுவதைப் பார்த்தான் என்றால், அவன் அரசியல் பேசாமல் எப்படி இருப்பான்?

அவருக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். ஐந்தாவதாகப் பிறந்த இவரும் நோஞ்சான். வாப்பாவின் தாயார்தான் இவரைச் சீராட்டி வளர்த்தார்கள். அந்த அம்மையார் கம்போங் பாலியில் பெரிய ஓதுபள்ளி நடத்தியவர்கள். ஆணும் பெண்ணுமாக இருநூறு பிள்ளைகள் வரை அவர்களிடம் ஓதினார்கள் என்று பேரர் எழுதுகிறார். ஒரு பெண் தலைமை உஸ்தாதாக இருந்து இருநூறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார் என்பதை, பெண் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறவர்கள் சற்று நின்று படிக்கலாம். அந்தப் பள்ளியில் நடந்த தண்டனைகளையும் அவர் மறைக்கவில்லை. காலைக் கட்டையில் மாட்டி உள்ளங்காலில் அடிப்பது, விரல்களின் இடையே பிரம்பை வைத்து நெருக்குவது, இடுப்பில் சங்கிலி போடுவது என்று ஒவ்வொன்றையும் விவரிக்கிறார். மத்ரஸாவில் பிரம்படி வாங்கி வளர்ந்த நமக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கையில் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது.

ஓதுபள்ளி முடிந்ததும் வாப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது என்றும், கணக்குப் பார்க்கவும் வியாபாரம் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது என்றும், தமிழ் வியாபாரிகள் ஊரில் நிறைந்திருந்து பெரும் பொருள் தேடினார்கள் என்றும் அவர் காரணம் சொல்லுகிறார். அதாவது, தமிழ் அங்கே வீட்டு மொழியாக மட்டும் இருக்கவில்லை. பேரேட்டு மொழியாக இருந்தது. மலாய்க்காரர் இன்றைக்கும் சொல்லும் கெடாய் நம்முடைய கடை, மோடல் நம்முடைய முதல், பெத்தி நம்முடைய பெட்டி, குடாங் நம்முடைய கிடங்கு. கடையும் முதலும் பெட்டியும் கிடங்கும் கொடுத்துவிட்டு நம் பிள்ளைகள் மட்டும் தமிழில் பற்றுவரவு எழுதத் தெரியாமல் நிற்பது விநோதம்தான். சரி, கதைக்கு வருவோம்.

வாப்பா அப்துல் காதிர் மிகக் கண்டிப்பானவர். மலாய் மொழியில் பெரிய புலமை உடையவர். சுமத்திராவைப் பற்றி நூல் எழுதிய மார்ஸ்டன் துரைக்கு மலாய் கற்பித்தவரே இவர்தான். மகன் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பார், தவறு கண்டால் அடிப்பார், ஒரு நாளும் பாராட்டமாட்டார். ஒரு நாள் கப்பல் நகோதா ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வாப்பாவைத் தேடி வந்தார். வாப்பா வீட்டில் இல்லை. அவசரம் என்று நகோதா வருந்தவே, சிறுவன் தானே எழுதிக் கொடுத்து, கூலியாக ஒரு வெள்ளியும் வாங்கிக்கொண்டான். விஷயம் வாப்பாவுக்குத் தெரிந்தது. மகன் முகத்துக்கு நேரே அவர் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு உம்மாவிடம் மகனைப் பற்றி மகிழ்ந்து பேசியதை, பிள்ளை மறைவில் இருந்து கேட்டுவிட்டான். வாப்பா தன்னிடம் காட்டிய கடுமை எதற்காக என்பது அப்போதுதான் விளங்கிற்று என்று, தாமே பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு அவர் எழுதினார். நமது வாப்பாமார்களும் இப்படித்தான்.

பதினொரு வயதில் ஒரு காட்சி கண்டார். போர்த்துகீசியர் கட்டிய மலாக்காக் கோட்டையை 1807-இல் இங்கிலீஷ்காரர் இடித்தார்கள். கூலியாட்கள் கடப்பாரையால் இடித்தார்கள், சுவர் அசையவில்லை. கோட்டையில் பேய்கள் குடியிருப்பதாக ஜனங்கள் நம்பியதால் வேலைக்கு ஆள் வரவே பயந்தார்கள். கடைசியில் பர்குஹார் துரை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். யானைபோலவும் வீடுபோலவும் இருந்த பாறைகள் எகிறிக் கடலில் விழுந்ததாக அப்துல்லா எழுதுகிறார். இன்று உல்லாசப் பயணிகள் படம் எடுக்கும் அந்த ஒற்றை வாசல்தான் மிச்சம். அந்தக் கோட்டை போனதோடு மலாக்காவின் அழகும் போயிற்று என்று அவர் வருந்தினார். உலகத்தில் எதுவும் நிலையில்லை என்பதற்கு அதையே அடையாளமாகக் கொண்டார்.

கோட்டையில் இந்துஸ்தானிச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்கு அவர் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததுதான். துரைமார் கொடுத்தது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

1811-இல் ராபிள்ஸ் துரை ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய மலாக்காவில் தங்கியிருந்தபோது, எழுத்தர்களில் மிக இளையவராக அப்துல்லா சேர்ந்தார். அவருடைய சிற்றப்பா முறையான இஸ்மாயில் லெப்பையும் அங்கே எழுத்தர். ராபிள்ஸ் ஒருவனைப் புழு பிடிக்கவும், ஒருவனை இலை பறிக்கவும், ஒருவனைச் சிப்பி பொறுக்கவும் அனுப்பியதையும், மலாய்க் கித்தாபுகளை ஊர் ஊராகத் தேடி வாங்கியதையும், இரவில் மேஜைமேல் மல்லாந்து படுத்து யோசித்துத் திடீரென்று எழுந்து எழுதியதையும் அவர் வேடிக்கைபோல விவரிக்கிறார். அப்படிச் சேர்த்த நூற்றுக்கணக்கான கையெழுத்துக் கித்தாபுகள் 1824-இல் பேம் என்ற கப்பலோடு தீயில் அழிந்தன. அச்சேறாத ஏடுகள், வேறு பிரதி இல்லாதவை பல. செய்தி கேட்டு அப்துல்லா கலங்கினார். அவை உரியவர்களிடமே இருந்திருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர்தான் அவருடைய வாழ்க்கையில் பெரிய சங்கடம் வந்தது. 1815-இல் மில்ன் என்ற பாதிரியாரும், தாம்சன் என்ற பாதிரியாரும் மலாக்காவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அப்துல்லா மலாய் கற்பித்தார், அவர்களிடம் இங்கிலீஷ் கற்றார். ஊரில் பேச்சு கிளம்பிற்று. பாதிரியிடம் போகிறவன் பாதிரியாகத்தான் வருவான் என்றார்கள். அப்துல்லா பாதிரி என்றே பெயர் வைத்தார்கள். வாப்பாவின் காதுக்கு எட்டியதும் அவர் கொதித்தார், தடுத்தார். மகன் அழுதார், ஆனால் விடவில்லை. எழுத்து வேறு, மார்க்கம் வேறு என்பது அவருடைய நிலை. நாளடைவில் வாப்பாவும் மனம் இறங்கினார்.

அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய இஞ்ஜீலை மலாயில் மொழிபெயர்க்கும் வேலையில் அவர் கூலிக்கு உதவி செய்தார். இந்த இடத்தில் நமது வாசகர்களில் சிலர் தாளை மடித்து வைத்துவிடலாம் என்பது நமக்குத் தெரியும். நாமும் இதைப் படித்தபோது நெடுநேரம் சும்மா இருந்தோம். சுலபமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஃபத்வாச் சொல்வது உலமாக்களின் வேலை, கடைக்காரரின் வேலையல்ல. நடந்ததை மட்டும் சொல்லுகிறோம். அவர் அந்த வேலையில் மொழியைப் பற்றித்தான் ஓயாமல் சண்டை போட்டார். தாம்சன் பாதிரியார் தம் பாஷையின் போக்கிலேயே மலாய்ச் சொற்களை அடுக்குவார். சொல்லெல்லாம் மலாயாக இருக்கும், வாக்கியம் மலாயாக இராது. இப்படி எழுதினால் மலாய்க்காரருக்கு விளங்காது என்று அப்துல்லா சொல்லுவார், பாதிரியார் கேட்கமாட்டார். பிற்காலத்தில் பிழைகளுக்குத் தம்மைப் பொறுப்பாக்கக் கூடாது என்று அவர் எழுதியும் வைத்தார். அச்சுக்கோக்கும் தொழிலையும் அந்த மலாக்கா அச்சகத்தில்தான் கற்றார். 1818-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலோ சீனக் கல்லூரியிலும் பழகினார். பாதிரிமார் பலரோடு நாற்பது ஆண்டுக்காலம் பழகினார். தொழுகையை விடவில்லை, மார்க்கத்தை விடவில்லை.

சிங்கப்பூர் 1819-இல் இங்கிலீஷ்காரர் கைக்கு வந்த சில காலத்துக்குள் அவரும் அங்கே போனார். ராபிள்ஸுக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். வியாபாரிகளுக்குக் கடிதம், மனு, பத்திரம் எழுதிக் கொடுத்தார். அங்கே கப்பலில் அடிமைகளை விற்பதைக் கண்ணால் கண்டார். ஆணும் பெண்ணும் கயிற்றில் கட்டப்பட்டிருந்ததையும், அழுததையும், வாங்க வந்தவர்கள் ஆடுமாடு பார்ப்பதுபோலப் பார்த்ததையும் எழுதி, அதைத் துரையிடமும் போய்ச் சொன்னார். 1830-இல் சிங்கப்பூர்க் கடைவீதி தீப்பற்றி எரிந்தபோது அவருடைய பொருளெல்லாம் போயிற்று. அந்தத் தீயைப் பற்றி மலாயில் சாயிர் பாடினார். கையில் காசு இல்லை, பாட்டு இருந்தது.

1835-இல் அவர் செய்த ஒரு காரியத்தை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. தமிழில் இருந்த பஞ்சதந்திரக் கதைகளை, தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு மலாயில் ஆக்கினார். பஞ்ச தந்தரான் என்று அதற்குப் பெயர். நரியும் சிங்கமும் காளையும் பேசும் அந்தக் கதைகளை அரபு உலகம் கலீலா திம்னா என்று அறியும். நாகூர் வம்சத்து முஸ்லிம் ஒருவர், தமிழ் இந்துக்கள் சொல்லி வந்த கதையை, மலாய் முஸ்லிம்கள் படிப்பதற்காக ஜாவி எழுத்தில் எழுதினார். மலாய் அரசர்களின் வரலாறாகிய செஜாரா மெலாயுவையும் அவரே பார்த்து அச்சேற்றினார்.

1838-இல் சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் கிளந்தானில் சிக்கிக்கொண்டன. அங்கே ராஜ குடும்பத்துக்குள் சண்டை. படகுகள் திரும்ப வழியில்லை. போட்ட முதல் போய்விடுமோ என்று வியாபாரிகள் கலங்கினார்கள். கவர்னர் கொடுத்த கடிதங்களோடு அப்துல்லா படகேறினார். பகாங், திரங்கானு, கிளந்தான் என்று கரையோரமாகப் போனார். கடற்கொள்ளைக்காரர் பயம் வழியெல்லாம் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார். ஏன் வீடுகள் இடிந்து கிடக்கின்றன, ஏன் நிலம் தரிசாக இருக்கிறது, ஏன் ஆண்கள் ஆயுதம் தாங்கிச் சும்மா திரிகிறார்கள் என்று கேட்டார். உழைத்துச் சேர்த்தால் ராஜாவும் அவர் ஆட்களும் பறித்துக்கொள்வார்கள், பிறகு எதற்கு உழைப்பது என்று ஜனங்கள் சொன்னார்கள். அதை அப்படியே எழுதினார். பிள்ளைகள் குர்ஆனை ஓசையாக மட்டும் ஓதி அர்த்தம் அறியாமல் வளர்வதையும், தாய்மொழியை யாரும் முறையாகக் கற்பிக்காததையும், அபின் குடி பரவியதையும் கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பிரயாணப் புத்தகம் அதே வருஷம் சிங்கப்பூரில் அச்சாயிற்று.

இந்தப் புத்தகத்தால்தான் பிற்காலத்தில் மலாய் அறிஞர்கள் சிலர் அவர்மேல் வருத்தம் கொண்டார்கள். ராஜாக்களைத் தூற்றினார், வெள்ளைக்காரரைப் போற்றினார் என்றார்கள். அது முழுவதும் பொய்யென்று நாம் வாதாட வரவில்லை. கம்பெனியாரின் ஒழுங்கையும் யந்திரத்தையும் கண்டு அவர் மயங்கியது உண்மை. நீராவிக் கப்பலைப் பார்த்துவிட்டு அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். வெள்ளித் தகட்டில் மனித நிழலைப் பிடிக்கும் புகைப்பட வித்தையைக் கண்டு அதிசயித்தார். ஜனங்கள் நம்பாமல் அவரைப் பொய்யர் என்று சிரித்தார்கள். கிளந்தானில் அபின் குடித்தவனைத் திட்டிய அவர், சிங்கப்பூரில் அபின் குத்தகையை விட்டு வருமானம் எடுத்த சர்க்காரை அதே குரலில் கேட்டதாக நாம் காணவில்லை. இது அவரிடம் நாம் காணும் குறை. ஆனால் ஜனங்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள் என்று ராஜாவின் ஊரிலேயே நின்று கேட்ட நெஞ்சு அவருக்கு இருந்தது. வியாபாரியின் முதலைக் காப்பாற்றப் போன தூதர் அந்தக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நாமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்போம்.

அவருக்குச் சித்தி லேலா என்று ஒரு மகள். அந்தப் பிள்ளை இறந்தபோது மனைவி தேறவே இல்லை. மனைவியைத் தேற்றுவதற்காக, இதயங்களுக்கு மருந்து என்று பொருள்படும் தவாவுல் குலூப் என்ற பெயரில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பிறகு அந்த மனைவியும் பிரசவத்தில் மௌத்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அமெரிக்கப் பாதிரியார் ஒருவர், நார்த் என்பது அவர் பெயர், கிளந்தான் பிரயாணத்தைப் படித்துவிட்டு அவருடைய வாழ்க்கையையே எழுதும்படி தூண்டினார். ராஜாக்களின் கதையும் வீரர்களின் கதையும்தான் அதுவரை மலாயில் எழுதப்பட்டு வந்தன. சாதாரண மனிதன் தன் பாட்டியையும் தன் பள்ளிக்கூடத்தையும் தான் வாங்கிய அடியையும் எழுதுவது அங்கே வழக்கமில்லை. 1840-இல் தொடங்கி 1843-இல் முடித்த ஹிக்காயத் அப்துல்லா, 1849-இல் சிங்கப்பூரில் கீஸ்பெரி என்பவரின் அச்சகத்தில் கல்லச்சில் வெளிவந்தது. அந்த நூலுக்காகத்தான் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்கிறார்கள்.

இதில் நம்மை மிகவும் தொட்டது அவர் பேசும் முறை. ராபிள்ஸ், பாதிரிமார், சீனர், மலாய் ராஜாக்கள், இந்துஸ்தானிச் சிப்பாய், தமிழ் வியாபாரி என்று யாரோடும் அவர் பேசினார். அரபு, தமிழ், இந்துஸ்தானி, இங்கிலீஷ், மலாய் அத்தனையும் அதற்குத்தான் பயன்பட்டன. ஒருவரோடு பேசினால் அவராகவே ஆகிவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொன்னார், பிடித்ததை எதிரியிடமிருந்தாலும் எடுத்துக்கொண்டார். சென்ற மாதம் நமது கடையில் இரவு பேச்சின்போது கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு வாலிபர், சீன நண்பர்களோடு கூட்டு வியாபாரம் செய்வதற்கே வீட்டில் ஒப்பமாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்பட்டார். கூட்டுக்கு என்ன கணக்கு, இலாபம் எப்படிப் பங்கு, வட்டி கலக்கிறதா என்றெல்லாம் நாம் கேட்டோம். அதற்கெல்லாம் அவரிடம் ஒழுங்கான பதில் இருந்தது. வீட்டில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லையாம். ஆள் சீனர் என்றதும் பேச்சு முடிந்துவிட்டதாம். அந்தப் பையனிடம் இந்த முன்ஷியின் கதையைச் சொன்னோம். இதை எழுதும்படி சொன்னதும் அவர்தான்.

1854-இல் அப்துல்லா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதிரி என்று ஊரார் பெயர் வைத்த மனிதர், பிள்ளைகளையும் நண்பர்களையும் விட்டு, சிங்கப்பூரில் கப்பலேறினார். வழக்கம்போல அந்தப் பிரயாணத்தையும் எழுதிக்கொண்டே போனார். குமரி முனையில் காற்றும் அலையும் கப்பலைப் புரட்டியபோது மரண பயம் வந்து துஆக் கேட்டதை எழுதினார். மலபார்க் கரைத் துறைகளைப் பற்றி எழுதினார். ஜித்தாவில் இறங்கியதை எழுதினார். அதற்குப் பிறகு எழுத்து நின்றுவிட்டது. அந்த வருஷமே ஹிஜாஸ் மண்ணில் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களைக் கபூல் செய்வானாக.

முடியாத அந்தக் குறிப்பு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தது. ஹிக்காயத்தை அச்சிட்ட கீஸ்பெரியே பின்னர் அதையும் அச்சிட்டார். கடைசி மகன் முகம்மது இப்ராகீமுக்கு, நாகூரிலிருந்து கப்பலேறி வந்த பாட்டனாரின் பெயரையே தகப்பனார் வைத்திருந்தார். அவர் வளர்ந்து ஜொகூர் சுல்தான் அபூபக்கரின் சர்க்காரில் பெரிய உத்தியோகத்தில் அமர்ந்தார். தகப்பனாரைப் போலவே அவரும் தாம் போன ஊர்களைப் பற்றி மலாயில் பிரயாணப் புத்தகம் எழுதினார்.